பதின்மூன்றாம் சுற்று: காலங்கடந்த குத்துச்சண்டைகள் பற்றி ஒரு நோக்கு

மறைந்த வீரனை எழுப்பி, அவன் காணாத காலத்து வீரனோடு பொருதவிட்டுப் பார்க்கும் ஆவல் குத்துச்சண்டை இரசிகரிடையே மிகப் பழையது. ஓட்டப் பந்தயத்திலோ நீச்சலிலோ இவ்வாவலுக்கு அதிக இடமில்லை. அங்கே கடிகாரம் இருக்கின்றது. 1936இல் ஓடியவனையும் இன்று ஓடுபவனையும் அது ஓரளவுக்கேனும் ஒரே அளவுகோலால் அளந்துவிடுகின்றது. குத்துச்சண்டையில் எதிராளியே அளவுகோல். ஒருவனது ஆற்றல் அவனெதிரே நின்றவனது ஆற்றலைக் கொண்டே புலப்படும். எதிரே என்றும் நின்றிராத ஒருவனைக் கொண்டு அவனை அளக்க முற்படும்போது கற்பனை துணைக்கு அழைக்கப்படுகின்றது. அக்கற்பனை எவ்விதிகளுக்கு உட்பட்டு இயங்குகின்றது, யாருடைய தேவையை நிறைவுசெய்கின்றது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

இவ்வகைக் கற்பனைகளுள் மிகப் பிரசித்தி பெற்றது, 1970ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் பல நூறு படமாளிகைகளிற் காட்டப்பட்ட ‘சுப்பர் பைற்’ என்னும் திரைப்படமாகும். 1952 முதல் 1956 வரை உலக அதிபாரப் பிரிவுச் சம்பியனாக விளங்கி, தாம் பொருதிய 49 சண்டைகளிலும் வென்று ஓய்வுபெற்ற றொக்கி மார்சியானோவும், 1964இல் அப்பட்டத்தைப் பெற்று அதுவரை தோல்வியறியாதிருந்த முகம்மது அலியும் அப்படத்திற் பொருதினர். முடிவைத் தீர்மானித்தது கணனி என அறிவிக்கப்பட்டது. அமெரிக்க இரசிகர்கள் கண்ட முடிவின்படி, பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தினார்.

இப்படத்தின் தோற்றுவாய் 1967ஆம் ஆண்டு ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சியொன்றாகும். மயாமி நகரைச் சேர்ந்த மறே வொறோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர், வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த பதினாறு சம்பியன்களைத் தெரிந்தெடுத்தார். அவர்களது வேகம், குத்தின் வலு, அடிதாங்கும் திறன், தற்காப்பு முதலியவை பற்றித் துறைபோனோர் பலரது மதிப்பீடுகள் திரட்டப்பட்டன. அவை என்.சீ.ஆர். 315 என்னும் கணனிக்கு ஊட்டப்பட்டு, சுற்றுக்குச் சுற்று முடிவுகள் பெறப்பட்டு, நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பப்பட்டன. இறுதிச் சண்டையில் ஜாக் டெம்ப்சியை வென்று மார்சியானோ முதலிடம் பெற்றார். காலிறுதியில், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திற் பட்டம் தரித்திருந்த ஜேம்ஸ் ஜெவ்ரீசிடம் அலி தோற்றதாகக் கணனி கூறிற்று. தமது நற்பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென அலி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டதன் விளைவாகவே மார்சியானோவுடன் படத்தில் தோன்ற அவர் இசைந்தார்.

படம் 1969ஆம் ஆண்டிற் பிடிக்கப்பட்டது. மார்சியானோவுக்கு அப்பொழுது 45 வயது. வளையத்தை விட்டு நீங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. படத்துக்காக அவர் 40 இறாத்தலுக்கு மேல் உடல் மெலிந்து, தலையிற் பொய்முடியும் தரித்தார். அலிக்கு 27 வயது. 1967 ஏப்ரிலில் வியட்நாம் யுத்த காலத்து இராணுவ சேவைக்கு உட்பட மறுத்தமையால் பட்டமும் அனுமதிப் பத்திரமும் பறிக்கப்பட்டு, தொழிலின்றியிருந்தார். இருவரும் ஏறக்குறைய எழுபது ஒரு நிமிடச் சுற்றுகள் கமராவின் முன் பொருதினர். ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் படமாக்கப்பட்டன. எம்முடிவு காட்டப்படும் என்பது நடித்த இருவருக்கும் சொல்லப்படவில்லை.

எனவே ‘சுப்பர் பைற்’ முற்கால வீரன் ஒருவனைப் பிற்கால வீரன் ஒருவனோடு பொருதவிட்ட பரிசோதனை என்பது விளம்பரத்தின் கூற்றேயாகும். முதுமையை அண்மித்த ஒருவர் தமது இளமையை நடித்துக் காட்டினார். இளமையில் இருந்த ஒருவர் தமது தொழில் மறுக்கப்பட்ட நிலையில் தமது தோல்வியையும் நடித்துக் கொடுத்தார். இதனை விஞ்ஞானத்தின் தீர்ப்பாகக் கொள்வதிலும் ஒரு நாடகப் பிரதியாகக் கொண்டு வாசிப்பதே பொருத்தமுடையது. அவ்வாறு வாசிக்குமிடத்து இரண்டு இடங்கள் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கன: ஒன்று, வானொலி நிகழ்ச்சியில் ஜெவ்ரீசுக்கு அளிக்கப்பட்ட வெற்றி, மற்றையது, படத்தில் மார்சியானோ வென்ற சுற்று.

ஜெவ்ரீஸ் 1899இற் பட்டம் பெற்று, 1905இல் தோல்வியறியாது ஓய்வுபெற்ற வெள்ளையினத்தவர். சம்பியனாயிருந்த காலத்திற் கறுப்பினப் போட்டியாளர் எவரோடும் பட்டத்துக்காகப் பொருத அவர் உடன்படவில்லை. 1908இல் ஜாக் ஜோன்சன் முதலாவது கறுப்பினச் சம்பியனானபோது, ஓய்விலிருந்த ஜெவ்ரீசை மீண்டும் வளையத்துக்கு அழைக்கும் குரல்கள் எழுந்தன. எழுத்தாளர் ஜாக் லண்டனின் குரலும் அவற்றுள் ஒன்று. 1910 ஜூலை 4ஆந் திகதி, நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் இருவரும் பொருதினர். முற்கால வீரன் ஒருவன் தன் பிற்கால வீரனைச் சந்திக்கும் கனவு இங்கு மெய்யாகவே நிறைவேறியது எனலாம். பதினைந்தாம் சுற்றில் ஜெவ்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின. அச்சண்டையின் படச்சுருள் பல இடங்களிலே தடைசெய்யப்பட்டது. 1912இல், குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது.

ரீனோவில் மெய்யான வளையம் மறுத்த வெற்றியை ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின்னர் கணனி வழங்கியது. வென்றவர் அதே ஜெவ்ரீஸ். தோற்றவர், அக்காலத்து அமெரிக்கப் பெருஞ்சமூகத்தின் கண்ணில் ஜோன்சனைப் போன்றே அடங்காதவராகத் தோன்றிய இன்னொரு கறுப்பினச் சம்பியன். இயந்திரத்துக்கு இனப்பற்று இல்லை என்பது உண்மை. ஆயினும் இயந்திரம் தானாக எதையும் அறிந்திருக்கவில்லை. மனிதர்கள் ஒவ்வொரு வீரனுக்கும் வழங்கிய மதிப்பீடுகளையே அது கூட்டிக் கழித்தது. அம்மதிப்பீடுகளுள் அவர்களது நினைவும் விருப்பும் வெறுப்பும் கலந்திருந்தன. கணனி அலபாமாவிற் செய்யப்பட்டது என்று அலி பகிடியாகக் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. அப்பகிடியின் உள்ளே திறனாய்வாளர் பலர் தவறவிட்ட உண்மையொன்று இருக்கின்றது.

இரண்டாவது இடம் பதின்மூன்றாம் சுற்று. 1952 செப்டெம்பர் 23ஆந் திகதி பிலடெல்பியாவில் மார்சியானோ பட்டம் பெற்ற சண்டையை அறிந்தோர்க்கு இவ்வெண் புதிதன்று. அன்று அவரெதிரே நின்றவர் 38 வயதான ஜேர்சி ஜோ வோல்கொட். முதற் சுற்றிலேயே மார்சியானோ நிலத்தில் வீழ்த்தப்பட்டார். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று தீர்ப்பாளரது புள்ளிகளிலும் வோல்கொட்டே முன்னணியில் நின்றார். பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோவின் வலக்கைக் குத்தொன்று சண்டையை முடித்தது. ‘சுப்பர் பைற்’ படத்தின் கதையமைப்பும் இதுவே: நுண்திறன் மிக்க எதிராளி முன்னேறுகிறார், இரத்தம் சிந்தியும் பின்வாங்காத மார்சியானோ ஈற்றில் ஒரே குத்தில் யாவற்றையும் மாற்றிவிடுகிறார். புதிய சண்டையொன்றைக் கண்டதாக எண்ணிய இரசிகர்கள் உண்மையிற் பதினேழு ஆண்டுகளுக்கு முந்திய சண்டையொன்றையே மீண்டுங் கண்டனர். கற்பனை தனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்லியது.

இப்பதின்மூன்றாம் சுற்று இன்னொன்றையும் உணர்த்துகின்றது. 1982 நவம்பரில் லாஸ் வேகாசிற் பொருதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, பதினான்காம் சுற்றில் வீழ்ந்து சில தினங்களில் மரணமடைந்தார். அதன் பின்னர் உலகப் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. இன்றைய விதியின்கீழ் 1952ஆம் ஆண்டுச் சண்டை நடந்திருப்பின், பன்னிரண்டாம் சுற்றோடு மணி அடித்திருக்கும். பட்டம் வோல்கொட்டிடமே இருந்திருக்கும். 49 என்னும் புகழ்பெற்ற எண்ணும் இருந்திராது. மார்சியானோவின் ஆற்றல் இதனாற் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் அவ்வாற்றல் பதினைந்து சுற்றுகள் என்னும் நிலத்தில் விளைந்தது. அந்நிலத்தை நீக்கிவிட்டு விளைவை மாத்திரம் இன்றைய காலத்துக்குக் கொண்டுவர முடியாது.

இந்நோக்கோடு, இக்காலத்து வீரர்களோடு மார்சியானோவை நிறுத்திப் பார்க்கலாம். இங்கே முதலில் எதிர்ப்படுவது உடலளவு. மார்சியானோவின் உயரம் ஏறக்குறைய 5 அடி 10 அங்குலம். கைவீச்சு 68 அங்குலத்தை எட்டவில்லை என்பர். பட்டம் வென்ற இரவில் அவரது நிறை 184 இறாத்தல். 2015இல் விளாடிமிர் கிளிச்கோவை வென்று சம்பியனான ரைசன் பியூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம். 2020 பெப்ரவரியில் டியோன்ரே வைல்டரை வென்றபோது அவரது நிறை 273 இறாத்தல். இருவரும் பொருதியது ‘அதிபாரப் பிரிவு’ என்னும் ஒரே பெயர்கொண்ட பிரிவிலாயினும், பெயர் மாறாதிருக்கப் பொருள் மாறிவிட்டது. ஏனைய பிரிவுகளுக்கு மேல் எல்லை உண்டு, இதற்கு இல்லை. எல்லையற்ற பிரிவாகையால், காலந்தோறும் பேருடல் கொண்டோர் வந்து அதன் சராசரியை உயர்த்திக்கொண்டே சென்றனர். அதன் விளைவாகவே 1979இற் ‘குறூசர்வெயிற்’ என்னும் புதிய பிரிவு வகுக்கப்பட்டது. அதன் எல்லை முதலில் 190 இறாத்தல், பின்னர் 200. தமது நிறையோடு இன்று மார்சியானோ வருவாராயின் அவருக்குரிய இடம் அப்பிரிவே.

நிறையே யாவையும் தீர்மானிக்கும் என்று இதனாற் கொள்வதும் தவறாகும். 1985 செப்டெம்பர் 21ஆந் திகதி, மார்சியானோ தமது இறுதிச் சண்டையில் ஆர்ச்சி மூரை வென்று சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், 48 வெற்றிகளோடு அவரது எண்ணைச் சமப்படுத்த வந்த லாறி ஹோம்சை மைக்கேல் ஸ்பிங்ஸ் புள்ளிகளால் வென்றார். ஸ்பிங்ஸ் கீழ்ப் பிரிவிலிருந்து வந்தவர். ஏறக்குறைய 20 இறாத்தல் குறைந்தவர். 2024 மே 18ஆந் திகதி றியாத்தில், குறூசர்வெயிற் பிரிவில் அனைத்துப் பட்டங்களையும் முன்னர் வென்றிருந்த உக்கிரேனியரான ஒலெக்சாண்டர் உசிக், தம்மிலும் ஏறத்தாழ 40 இறாத்தல் கூடிய பியூரியை வென்றார். மார்சியானோவுமே, 1951இல் ஜோ லூயிசை வீழ்த்தியபோது எதிராளியிலும் 25 இறாத்தலளவு குறைந்தவராகவே இருந்தார்.

ஆயினும் இவ்வுதாரணங்களை நுணுகி நோக்குமிடத்து வேறுபாடு தெளிவாகின்றது. ஸ்பிங்சும் உசிக்கும் உயரத்தில் 6 அடியைத் தாண்டியவர்கள். கால்களின் அசைவாலும் தூரத்தைக் கையாளும் திறனாலும் வென்றவர்கள். மார்சியானோவின் முறை இதற்கு எதிர்மறையானது. அவரது குட்டையான உருவத்தையும் குறுகிய கைவீச்சையும் கண்ட பயிற்றுநர் சார்ளி கோல்ட்மன், அவற்றை மறைக்க முயலாமல், உடலை இன்னுந் தாழ்த்திக் குனிந்து எதிராளியின் நெஞ்சோடு நெருங்கிப் பொருதும் முறையைப் பயிற்றினார். அம்முறைக்குத் தூரம் பகை. 6 அடி 2 அங்குல உயரமான லூயிசின் கைகளைக் கடந்து உட்புகுவது வேறு. அதனினும் 7 அங்குலம் உயர்ந்து, 80 இறாத்தலுக்கு மேல் கூடிய ஒருவர் மேலிருந்து சாய்ந்து அழுத்தும்போது உள்ளே நிலைத்து நிற்பது வேறு. 1986இல் 20ஆவது வயதிற் பட்டம் பெற்ற மைக் ரைசன் மார்சியானோவோடு ஒத்த உயரத்தவரே. ஆனால் அன்று அவரது நிறை 220 இறாத்தலை அண்மித்திருந்தது. மேலும் அவர் பழைய வீரர்களின் படச்சுருள்களை இரவிரவாகக் கண்டு கற்றவர். பின்வந்தவனுக்கு முன்னவன் பாடப்புத்தகமாகிறான்; முன்னவனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. காலங்கடந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் கணக்கிற் கொள்ளாத சமனின்மை இது.

ஆகவே, 1952ஆம் ஆண்டின் மார்சியானோ அந்நிறையோடும் அம்முறையோடும் இன்றைய பேருடல் வீரர்களின் முன் நிறுத்தப்படின் வெல்வது அரிது என்றே கொள்ள வேண்டியுள்ளது. இதனை மறுக்க விரும்புவோர் வழமையாக வேறொரு வாதத்தை முன்வைப்பர்: இன்றைய உணவும் பயிற்சியும் மருத்துவமும் அவருக்குக் கிடைத்திருப்பின் அவரும் 220 இறாத்தல் வீரராகியிருப்பார் என்பதே அது. இவ்வாதத்தில் ஓர் அன்பு உண்டு, தருக்கம் குறைவு. இக்காலத்திற் பிறந்து வளர்ந்த ஒருவர் மார்சியானோவாக இருந்திருப்பாரா என்பதே வினா.

மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறொக்ரன் நகரம் சப்பாத்துத் தொழிற்சாலைகளால் வாழ்ந்த நகரம். இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்து, அத்தொழிற்சாலையொன்றில் உழைத்த தந்தையின் மகனாக 1923இற் பிறந்தவர் றொக்கோ மார்சியானோ. ‘மார்கெஜானோ’ என்னும் குடும்பப் பெயர் பின்னர் சுருக்கப்பட்டது. தந்தையின் தொழிற்சாலை வாழ்வுக்குத் திரும்புவதில்லை என்ற உறுதியும், பேஸ்போல் ஆட்டத்தில் இடம் கிடைக்காத ஏமாற்றமுமே அவரைக் குத்துச்சண்டைக்குக் கொண்டுவந்தன. மாதக்கணக்கிற் குடும்பத்தை விட்டுப் பயிற்சி முகாமில் வாழ்ந்த அவரது கடுமையைப் பண்பு என்று மாத்திரம் கூறுவதற்கில்லை. வேறு வாசல் அற்ற ஒரு வர்க்கத்தின் அச்சமும் அதில் உண்டு. அவ்வச்சத்தை நீக்கி, அவருக்கு நல்லுணவும் நல்ல பயிற்றுநரும் அளித்துப் புதிதாகப் பிறப்பித்தால், வருபவர் வேறொருவராகவே இருப்பார்.

49 என்னும் எண்ணையும் இவ்வாறே நோக்க வேண்டும். அவர் வென்ற லூயிசுக்கு அப்போது 37 வயது; வரிக்கடன் தீர்க்கவே மீண்டும் வளையத்துள் நின்றவர். வோல்கொட்டும் மூரும் நாற்பதை அண்மித்தவர்கள். 1949 முதல் பட்டச் சண்டைகள் பெருமளவுக்கு ஒரே நிறுவனத்தின் ஏகபோகத்துள் இருந்தன. அது சட்டவிரோதமென 1959இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. இவை யாவும் அவ்வெண்ணின் உள்ளே இருக்கின்றன. லூயிசை வீழ்த்திய இரவில், தமது இளமைக்கால இலட்சிய வீரனின் அறைக்குச் சென்று மார்சியானோ கண்ணீர் விட்டதாகக் கூறுவர். மறைந்துகொண்டிருக்கும் வீரனை வெல்வதன் பொருளை இரசிகர்களிலும் அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

காலங்கடந்த ஒப்பீடு குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத் திறனாய்வும் அதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. கம்பனை ஹோமரோடும் மில்ற்றனோடும் ஒப்பிட்டு வ.வே.சு. ஐயர் எழுதிய ஆய்வைத் தமிழ் மாணவர் அறிவர். அடிமைப்பட்ட நாடொன்றில், ஆள்வோரின் மொழியிலேயே தமிழ்க் கவிஞனின் தகுதியை நிலைநாட்ட வேண்டியிருந்த காலத்தின் தேவையை விட்டு அவ்வொப்பீட்டை விளங்கிக்கொள்ள முடியாது. ஒப்பீடு கம்பனைப் பற்றிக் கூறுவதோடு ஐயரது காலத்தைப் பற்றியுங் கூறுகின்றது. இதனால் அது மதிப்பிழப்பதில்லை. ஆனால் யார் பெரியவன் என்னும் பட்டியலாக அதைச் சுருக்கிவிடும்போது கவிஞனும் மறைகிறான், காலமும் மறைகின்றது; எஞ்சுவது ஓர் இலக்கம் மட்டுமே. பழையோர் யாவரும் பெரியோர் என்பாரும், புதியோர் யாவரும் மேலோர் என்பாரும் இத்தவற்றையே இரு முனைகளில் நின்று செய்கின்றனர்.

எனவே முற்கால வீரனை இக்கால வீரனோடு பொருதவிடும் கற்பனையைக் கைவிட வேண்டியதில்லை. எதை மாறாது வைத்துக்கொண்டோம், எதை மாற்றினோம் என்பதை வெளிப்படையாகக் கூறுவதே அக்கற்பனையின் நேர்மையாகும். சுற்றுகள் எத்தனை, நிறை என்ன, யார் யாரைப் பார்த்துக் கற்றவர், மதிப்பீடு யாருடையது என்னும் வினாக்கள் எழுப்பப்படின், விடை எதுவாயினும் இரு காலங்களும் துலக்கமுறும். அவை எழுப்பப்படாவிடின், 1967ஆம் ஆண்டுக் கணனியைப் போல, கேட்போரின் விருப்பமே தீர்ப்பாகத் திரும்பி வரும்.

‘சுப்பர் பைற்’ படத்தின் முடிவை மார்சியானோ அறியவில்லை. படப்பிடிப்பு நிறைவெய்திய சில வாரங்களில், 1969 ஓகஸ்ட் 31ஆந் திகதி, தமது 46ஆவது பிறந்த நாளுக்கு முதல்நாள், ஐயோவா மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். நான்கரை மாதங்களின் பின்னர் திரையில் அவர் வென்றார். தோற்றுக் கிடந்த அலி, மெய்யான வளையத்தில் அதுவரை எவரிடமும் தோற்றிராதவர். வளையத்துட் புக அனுமதி மறுக்கப்பட்டிருந்தவர். ஒருவருக்கு வாழ்வும் மற்றவருக்குத் தொழிலும் இல்லாத அந்த இரவிலேதான் இருவரிற் பெரியவர் யார் என்பது தீர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.